சிறிய நாயைப் பழக்க வருபவருக்கு

சிறிய நாய்களின் முரட்டுத்தனம் பிறவிக்குணம் என்பது பாதி உண்மை. டாஷண்ட் வளைக்குள் நுழைந்து பேட்ஜரை எதிர்க்கவும், யார்க்‌ஷயர் டெரியர் ஆலைகளில் எலி பிடிக்கவும் உருவாக்கப்பட்டவை. துணிச்சலும் குரைப்பும் அந்தத் தொழில் தந்தவை. மீதிப் பாதி வீட்டில் உருவாகிறது. ஆஸ்திரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், சிறிய நாய் வைத்திருப்போர் தங்கள் நடத்தையில் சீராக இருப்பது குறைவு என்று தெரிந்தது. லாப்ரடார் மேலே பாய்ந்தால் ஆள் சாய்வார். மூன்று கிலோ நாய் பாய்ந்தால் வீடே சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பில்தான் எச்சரிக்கைகள் தவறிப்போகின்றன. எடுத்த எடுப்பில் கடிக்கும் நாய் அரிது. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், விழியின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும். உறுமியதற்கு அடிவாங்கிய நாய் மறுமுறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

பல வீடுகளில் வம்பு தொடங்குவது தூக்குவதில். தலைக்கு மேலிருந்து இறங்கும் கைகள் சிறிய நாயை மிரட்டுகின்றன. பயிற்சியாளர் பக்கவாட்டில் உட்கார்ந்து, 'தூக்கு' என்று சொல்லிவிட்டு, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்பகுதிக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி, வேகவைத்த கோழியில் மிளகளவு துணுக்கு தர வேண்டும். பழகிய நாய் அந்தச் சொல்லுக்குத் தானே அருகில் வரும். வராதபோது அவசரமில்லை என்றால் விட்டுவிடலாம். முதுகுத்தண்டு வட்டுகள் எளிதில் பழுதாகும் டாஷண்டுக்கு இந்த இருகைப் பிடி கட்டாயம்.

கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுக்கும் பழைய முறை இங்கே ஆபத்து. பொமரேனியன், யார்க்‌ஷயர் போன்றவற்றில் மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்கும் நோய் அதிகம்; ஹார்னஸ்தான் சரி.

காலிங் பெல் அடித்ததும் நாய் குரைக்க, வீட்டாரும் சேர்ந்து கத்தினால் அதற்குத் துணை கிடைத்தது போலாகும். பெல் ஒலியை போனில் பதிந்து, மெல்ல ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு துணுக்கு தந்து, நாய் அமைதியாக இருக்க இருக்க ஒலியைக் கூட்ட வேண்டும். இதை வீட்டாரே செய்யப் பழக வேண்டும். பயிற்சியாளருக்கு மட்டும் அடங்கும் நாயால் அவர்களுக்குப் பயனில்லை. சாப்பாட்டு மேஜைக்கடியில் பாட்டி நழுவவிடும் பிஸ்கட்டும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும்.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் பயிற்சியை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பல்நோயும் முழங்கால் சில்லு விலகலும் சிறிய இனங்களில் சகஜம்.