பேட்டரியை மாற்றும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

பௌர்ணமி அன்று விடியற்காலை. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தால் அன்றைக்கு ஊரில் காய்கறி நன்றாகப் போகும். திருவண்ணாமலை உழவர் சந்தைக்குக் கொண்டுபோக முளைக்கீரை, சிறுகீரை, கத்தரிக்காய் எல்லாம் வண்டியில் ஏற்றியாச்சு. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல. பக்கத்து நிலத்து அண்ணன் டிராக்டர் கொண்டுவந்து கட்டி இழுத்து, வண்டி கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. வாடிய கீரையை யார் வாங்குவார்கள்? பாதி மாட்டுக்குத்தான் போனது.

என்னுடையது பழைய டீசல் பிக்கப் வண்டி. இதே தொல்லைக்காக இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கியிருந்தேன். மூன்றாவதும் வாங்கலாம் என்றுதான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. கரண்ட் போற வழிதான் அடைச்சிருக்கு” என்றார்.

பயிர் மஞ்சளானதும் யூரியா வாங்க ஓடுகிறவரிடம், “வேரைப் பாருங்க, மண்ணைப் பாருங்க” என்று சொல்கிற ஆள் நான். வண்டிக்கு மட்டும் அவர் செய்வதையே செய்திருக்கிறேன். அன்று கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அடைப்பு எப்படி வருகிறது?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு ஒரு தடித்த ஒயர் போகும். கரண்ட் திரும்பி வர எஞ்சின், சேஸ் வழியாக நெகட்டிவ் முனைக்கு ஒரு எர்த் ஒயர் இருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் சேஸையும் இணைக்கத் தனியாக ஒரு பட்டை ஒயர் வேண்டும். இதில் எந்த இடம் கெட்டாலும் செல்ஃப் சுற்றாது.

சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால், மோட்டார் ஓடினாலும் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாது. இதுவும் அப்படித்தான். செல்ஃப் சுற்றும்போது டீசல் வண்டி 200 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். ஒயரில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 200 ஆம்பியரில் 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஹாரன், லைட் எல்லாம் கொஞ்சம் கரண்டில் வேலை செய்வதால் அவை நன்றாகவே இருக்கும். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

பழைய ஒயரை அறுத்துப் பார்த்தபோது உள்ளே செம்புக் கம்பி நீலப்பச்சைப் பொடியாக இருந்தது. போர்டோ கலவைக்கு வாங்குகிற மயில்துத்தத்தின் நிறம். பேட்டரி ஆசிட் செம்பைத் தின்றால் உண்டாவதும் அதே காப்பர் சல்பேட்தான். எர்த் பக்கம் கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் கோமியம், அமுதக்கரைசல் டிரம்களை ஏற்றுகிறோம். சிந்துகிற கோமியத்தில் உப்பு இருக்கிறது. அது புளிக்கும்போது அமோனியா வருகிறது. இரண்டுமே செம்புக்கு ஆகாது. மண்ணுக்கு நல்லது, ஒயருக்கு எமன்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க, நிறுத்துவதற்கு இழுக்கும் நாப்பை ஒருவர் இழுத்துப் பிடித்தபடி சில விநாடி மட்டும் செல்ஃப் அடிக்க வேண்டும்.

1. வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் அருகே இருந்தால் முழுச் சார்ஜ். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.
2. பாசிட்டிவ் ஈய முனையில் ஒரு கம்பி, செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் ஏறும் போல்ட்டில் இன்னொன்று. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் கோளாறு.
3. நெகட்டிவ் ஈய முனையில் ஒன்று, எஞ்சினின் சுத்தமான இரும்பில் இன்னொன்று. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறு.

மீட்டர் கம்பியைக் கிளாம்ப் மேல் வைக்காமல் ஈய முனையிலேயே வையுங்கள். அப்போதுதான் கிளாம்ப்பின் குறையும் தெரியும். என் வண்டியில் எர்த் பக்கம் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது!

மாற்றும் முறை

மோதிரம், காப்பைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி, கையுறை அவசியம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடவே கூடாது.

நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பெரிய தீப்பொறி பறக்கும். (இப்போது ஓடும் வண்டிகளில் நெகட்டிவ்தான் எர்த்.)

முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினால் நுரைக்கும். நுரை நின்றபின் துடையுங்கள். தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. அந்தக் கழுவின தண்ணீரில் ஈயம் இருக்கும். எருக்குழிப் பக்கமும் பாத்திப் பக்கமும் விடாதீர்கள்.

புது ஒயர் பழையதைவிட மெலிந்ததாக இருக்கக் கூடாது. நீளத்தை அளந்துகொண்டு போய், செம்பு ஒயராகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு நுனியிலும் ‘லக்’கைக் கடையிலேயே கருவி வைத்து அழுத்திவிடச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டிப் பிடிக்க வைத்தது நிற்காது. எர்த் போல்ட் ஏறும் இடத்தில் பெயிண்ட், துரு எல்லாவற்றையும் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். இறுக்கியபின் மேலே வாஸ்லினோ கிரீஸோ பூசுங்கள். எஞ்சின்–சேஸ் பட்டையையும் விடாமல் மாற்றுங்கள். அது அறுந்தால் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

மாட்டியபின் திரும்பவும் அளந்தேன். எர்த் பக்கம் 0.2 வோல்ட்கூட இல்லை. செலவு ஒரு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குதான். இப்போது டிரம்களுக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கிறேன். கோமியம் சிந்தினால் அன்றே சேஸைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கிறேன்.

தேவையில்லாமல் தூக்கிப்போடும் ஒவ்வொரு பேட்டரியும் ஈயமும் ஆசிட்டும்தான். உண்மையிலேயே ஆயுள் முடிந்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன.

அடுத்த முறை உங்கள் வண்டி ‘டக்’கென்று நின்றால், பணப்பையை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள்.