ஒரு டம்ளர் ஆட்டுப்பாலில் வண்ணச் சுழி சோப்பு

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் மேயும் கன்னி ஆட்டை அடையாளம் காண்பது எளிது. உடம்பு கறுப்பு; முகத்தின் இரு பக்கமும் நெடுக ஒரு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கறிக்காக வளர்க்கும் இனம் இது. குட்டிகள் குடித்தது போகக் கறப்பதற்கு மிஞ்சும் பால் கொஞ்சம்தான். ஆனால் முக்கால் கிலோ சோப்புக்கு 160 கிராம் பால் போதும். அதனால்தான் ஓர் ஆடு, இரண்டு ஆடு வைத்திருக்கும் வீட்டுக்கும் இந்தத் தொழில் கைகொடுக்கும்.

செய்முறையை எங்கே படித்தாலும் அது குளிர்ந்த அறையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். நெல்லையில் சித்திரை, வைகாசி மாதத்து அடுப்படி அப்படி இருக்காது. பாலில் சர்க்கரை இருக்கிறது. காஸ்டிக் சோடா கரையும்போது பெரும் சூடு கிளம்பும். இரண்டும் சேர்ந்தால் பால் கருகி, செங்கல் நிறமாகி, அம்மோனியா நெடி அடிக்கும். அந்தப் பழுப்பின் மேல் எந்த வண்ணமும் எடுபடாது. ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் சூட்டை அடக்கும் வேலைதான். விடியற்காலையில் தொடங்குங்கள்.

பாலை வடிகட்டிக் காய்ச்சி, ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். ஒரே நாளில் சேராவிட்டால் தினமும் கொஞ்சமாகச் சேர்க்கலாம். சோப்பு செய்யும் நாளில் பால் கல்லாக உறைந்திருக்க வேண்டும்.

தேவையானவை:

தேங்காய் எண்ணெய் 175 கிராம்
பாமாயில் 175 கிராம்
கடலை எண்ணெய் 125 கிராம்
விளக்கெண்ணெய் 25 கிராம்
காஸ்டிக் சோடா 72 கிராம்
உறைந்த ஆட்டுப்பால் 160 கிராம்

பாமாயில் ரேஷன் கடையில் தருவதே போதும். சோப்புக்குக் கெட்டித்தன்மை தருவது அதுதான். நுரை தேங்காய் எண்ணெயிலிருந்தும், அந்த நுரை நிலைத்து நிற்பது விளக்கெண்ணெயிலிருந்தும் வரும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் வேறு. ஓர் எண்ணெயை மாற்றினால் காஸ்டிக்கின் அளவையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். மேலே உள்ள கணக்கில் எண்ணெயில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சோப்பாகாமல் மிஞ்சும்; தோல் வறளாமல் இருப்பது அதனால்தான். எல்லாவற்றையும் எடை போட்டே எடுங்கள், எண்ணெயைக்கூட. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாக அடைப்பு நீக்கும் தூளை வாங்கிவிடாதீர்கள், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். சிறுபிள்ளைகள் உள்ளே வரக் கூடாது. தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவுங்கள். எலுமிச்சம்பழம், வினிகர் எதையும் தேய்க்காதீர்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இனி கலக்கும் வேலை. அகலமான பேசினில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, அதற்குள் பால்கட்டிகள் உள்ள பாத்திரத்தை வையுங்கள். காஸ்டிக்கை ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறுங்கள். அது கரைந்த பிறகு அடுத்த கரண்டி. பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். பால்கட்டிகள் ஒவ்வொன்றாக உருகி, கடைசியில் வெளிர் மஞ்சளில் நின்றால் வெற்றி. ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தால் கையை நிறுத்தி, பேசினில் இன்னும் ஐஸ் போடுங்கள். பால்கொழுப்பு கொஞ்சம் சோப்பாகித் திப்பி திப்பியாகத் தெரியும்; எவர்சில்வர் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தி விட்டால் கரைந்துவிடும்.

எண்ணெயைச் சூடாக்கத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும்; மார்கழி விடியலைத் தவிர நம் ஊரில் அது உறைவது அபூர்வம். நான்கு எண்ணெய்களையும் கலந்து, அதில் காஸ்டிக் பாலை மெல்ல ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் மூன்று நொடி ஓட்டுவதும், நிறுத்திக் கையால் கிளறுவதுமாகச் செய்யுங்கள். எண்ணெய்க் கோடு மறைந்து, மோர்க்குழம்பு பதம் வந்தவுடன் பிளெண்டரை எடுத்துவிட வேண்டும். வண்ணச் சுழி சரியாக வருவதும் வராததும் இந்தப் பதத்தில்தான் இருக்கிறது. நீர்த்திருந்தால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து சாயம் போன துணிபோலாகும். இறுகிவிட்டால் சுழியே வராது, கட்டி கட்டியாக நிற்கும்.

வாசனை வேண்டுமென்றால் வெட்டிவேர்த் தைலம், எலுமிச்சைப்புல் தைலம் இரண்டும் சேர்த்து 8 கிராம் விடுங்கள். கிராம்பு, பட்டைத் தைலங்கள் கலவையைச் சட்டென்று இறுக்கும், தோலையும் எரிக்கும், வேண்டாம். மல்லிகைப் பூவை அரைத்துப் போட்டால் பழுப்புக் கறைதான் மிஞ்சும், மணம் வராது.

வண்ணத்துக்கு நாட்டு மருந்துக் கடையே போதும், ஆனால் எது காரத்தைத் தாங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் தூள் சேர்த்த மறுகணம் ரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே காரணத்தால்தான். வாரங்கள் போகப்போக, காரம் தணிய, சிவப்பு இறங்கி ஆரஞ்சு மஞ்சளில் வந்து நிற்கும். மஞ்சிட்டிப் பொடி இளஞ்சிவப்பு தரும். கொட்டாங்கச்சிக் கரியை மாவாகச் சலித்தால் நல்ல கறுப்பு. நீலத்துக்கு அவுரியிலிருந்து பிரித்தெடுத்த நீலக்கட்டிதான் வேண்டும். தலைக்குத் தேய்க்க விற்கும் அவுரி இலைப் பொடி சாம்பல் பச்சையாகவே நிற்கும். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை எடுக்காதீர்கள். பத்தமடைப் பாய்க்கோரைக்குச் சிவப்பு ஏற்றிய சப்பங்கக் கட்டையை முயன்று பார்க்கும் ஆசை இந்த ஊர்க்காரர் யாருக்கும் வரும். கோரையில் நிற்கும் அந்தச் சிவப்பு சோப்பின் காரத்தில் ஊதாவாகச் சாய்ந்து மங்கிவிடும். பீட்ரூட், செம்பருத்தி இரண்டும் பழுப்பாகும். கேசரிப் பவுடரும் குங்குமமும் வேண்டவே வேண்டாம்.

பொடிகளை நேராகத் தூவினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிறுத்து வைத்த கடலை எண்ணெயிலிருந்தே பொடிக்கொரு கரண்டி முன்கூட்டி எடுத்து, அதில் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் பாதிக்குச் சற்று மேல் வெள்ளையாக விட்டுவிட்டு, மீதியை மூன்று கிண்ணத்தில் பிரியுங்கள். ஒன்றுக்கு மஞ்சள் கால் தேக்கரண்டி, ஒன்றுக்கு மஞ்சிட்டி அரை, ஒன்றுக்கு நீலமோ கரியோ கால். பிறகு வெள்ளைக் கலவைக்குள் மூன்று இடங்களில் வண்ணங்களை ஊற்றுங்கள். சற்று உயரத்திலிருந்து ஊற்றினால் அடிவரை இறங்கும், தாழ்த்தி ஊற்றினால் மேலாக நிற்கும், இரண்டும் வேண்டும். ஒரு கரண்டியால் ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்றுக்குக் கை துடிக்கும், விடாதீர்கள். வெண்ணெய்த் தாள் விரித்த மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் டிபன் டப்பாவிலோ ஊற்றி, மேற்பரப்பில் தென்னை ஈர்க்கால் எட்டுப் போட்டுக்கொண்டே போங்கள். ஈர்க்கின் மெல்லிய நுனி இழுக்கும் கோடு எந்தக் கரண்டியாலும் வராது.

ஊற்றியதும் நேராக ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு நடுப்பகுதி மட்டும் சூடேறி, வெட்டும்போது உள்ளே கருத்த வட்டம் தெரியும். சில சமயம் மேலே வெடிக்கும். ஒரு நாள் கழித்து எடுத்து, இன்னொரு நாள் வெளியே விட்டு, கையுறையோடு துண்டு போடுங்கள். குறுக்கே வெட்டினால் ஒரு கோலம், படுக்கையாக வெட்டினால் வேறு கோலம்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆறு வாரம் காய வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளிறிவிடும். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியே வரும் காற்று இதற்கென்றே வீசுவதுபோல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பின் மேல் நீர் பூக்கும், காய்வதும் தாமதமாகும். பிஎச் தாளில் 9 அல்லது 10 காட்டினால் குளிக்கலாம். 11 காட்டினால் இன்னும் காத்திருங்கள்.

ஆட்டுப்பால் சோப்பு படையையும் சொறியையும் தீர்க்கும் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். பால்கொழுப்பும் சர்க்கரையும் தரும் மெத்தென்ற நுரைதான் இதன் உண்மையான குணம், அதுவே போதுமான சிறப்பு. விற்க நினைத்தால் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும்.

தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தச் சோப்பு பொங்கி நுரைக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரை குறைந்து, வாளியில் வெள்ளைத் திரை படியும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். அந்த ஊர்க்காரர்கள் தேங்காய் எண்ணெயை 225 கிராமாக்கி, பாமாயிலை 125 ஆகக் குறைத்து, காஸ்டிக்கை 74 கிராமாக வைத்துக்கொள்ளலாம்.