படகில் பாட்டு: பேட்டரி எவ்வளவு வேண்டும்?

கொச்சியில் தோப்பும்படி என்ற இடத்தில் பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார்கள். போனால் பல நாள் கழித்துத்தான் கரையைப் பார்க்க முடியும். அத்தனை நாளும் அவர்களுக்குப் பாட்டு ஒரு துணை.

அப்படி ஒரு விசைப்படகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆவது அந்தப் பேட்டரியில்தான். விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் ஓடுவதும் அதில்தான். பழைய சிறிய ஸ்டீரியோவும் அதில்தான் பாடியது. இப்போது படகு டிரைவர் புதிய ஸ்டீரியோ வாங்கிவிட்டார். கூடவே ஓர் ஆம்ப்ளிஃபையர், நான்கு ஸ்பீக்கர்கள். எல்லாவற்றையும் எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோனார்.

"அண்ணே, இதை மாட்டிக் கொடுங்க."

"மாட்டலாம் தம்பி. ராத்திரி எஞ்சினை நிறுத்தின பிறகு எத்தனை மணி நேரம் பாட்டுப் போடுவீங்க?"

"அஞ்சு மணி நேரம் போடுவோம்."

"விடியக்காலையில எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?"

டிரைவரால் பதில் சொல்ல முடியவில்லை. நடுக்கடலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் படகு காற்றோடும் நீரோட்டத்தோடும் போகும். பேட்டரி தீர்ந்தால் விளக்கும் எரியாது. அந்த வழியே வரும் பெரிய கப்பலுக்குப் படகு இருப்பதே தெரியாது. வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் உதவி கேட்கவும் மின்சாரம் வேண்டும்.

"வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றார் எலக்ட்ரீசியன்.

பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அதுதான் ஆம்பியர். தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்பது ஆம்பியர்-மணி. கடைக்காரர்கள் இதை ஏ.எச். என்பார்கள். பேட்டரியின் மேலேயே இந்த எண் இருக்கும். 2 ஆம்பியர் எடுக்கும் பொருள் 5 மணி நேரம் ஓடினால் 10 ஆம்பியர்-மணி செலவாகும். பொருளின் மேல் வாட் என்று போட்டிருந்தால் அதை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

ஸ்டீரியோ பெட்டியில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது விற்பதற்காகப் போட்ட எண். அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்து அளந்தார். வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் புதிய செட் 96 வாட் எடுத்தது. 12-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர். பழைய ஸ்டீரியோவோ 24 வாட், அதாவது 2 ஆம்பியர்தான்.

இரவில் எஞ்சின் 10 மணி நேரம் நிற்கும். வெளியே எரியும் எல்.இ.டி. விளக்குக்கு அரை ஆம்பியர். 10 மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-மணி. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவும் அரை ஆம்பியர். அதற்கு இன்னொரு 5. பேசும்போது கூடுதலாக எடுக்கும், ஆனால் பேசும் நேரம் குறைவு. ஜி.பி.எஸ்.ஸுக்கு 1 ஆம்பியர் வீதம் 10. உள் விளக்கு 1 ஆம்பியர், 4 மணி நேரம் எரியும், அதற்கு 4. மொத்தம் 24 ஆம்பியர்-மணி.

பழைய ஸ்டீரியோ 5 மணி நேரம் பாடினால் 10 ஆம்பியர்-மணி. சேர்த்தால் 34. புதிய செட் அதே 5 மணி நேரம் பாடினால் 40. சேர்த்தால் 64.

"பேட்டரி 100 ஆம்பியர்-மணியாச்சே அண்ணே. 64 போனாலும் 36 மிச்சம் இருக்குமே?"

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. தினமும் அடிவரை இறக்கினால் உள்ளே உள்ள தட்டுகள் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 50-தான் நம் கையில் இருக்கிறது. பழைய ஸ்டீரியோவுக்கு அது போதும். புதியதற்குப் போதாது.

64-க்கு இரு மடங்கு 128. கடையில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி கிடைக்கும். பேட்டரி பழையதானால் கொள்ளளவு குறையும். 150 என்பது 120 ஆகிவிட்டால் பாதி 60-தான். அப்போது பாட்டை ஒரு மணி நேரம் குறைத்தால் செலவு 56 ஆகும். சமாளிக்கலாம்.

பழைய பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரியதை வைக்கலாமா? எலக்ட்ரீசியன் வேண்டாம் என்றார். பழையது எஞ்சினுக்கு மட்டும் இருக்கட்டும். பாட்டும் மற்றவையும் புதிய பேட்டரியில் ஓடட்டும். ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் தட்டுகள் மெல்லியவை. ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் தரும். இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதற்குத் தடித்த தட்டு வேண்டும். டியூபுலர் பேட்டரி அதற்கு ஏற்றது. எஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏற வேண்டும், நின்றதும் இரண்டும் பிரிந்துவிட வேண்டும். இதற்குத் தனி ரிலே உண்டு. இப்படிச் செய்தால் பாட்டுப் பேட்டரி தீர்ந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்.

சில படகுகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஸ்டீரியோவுக்குக் கொடுப்பது தவறு. அந்தப் பேட்டரி மட்டும் சீக்கிரம் கெட்டுவிடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கி மாட்ட வேண்டும்.

எடுத்ததைத் திருப்பி ஏற்றவும் வேண்டும். ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். 64 எடுத்தால் சுமார் 77 ஏற்ற வேண்டும். 15 ஆம்பியரில் ஏற்றினால் 5 மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் ஓட வேண்டும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். மீன் கிடைத்து எஞ்சினை நிறுத்தி நிற்கும் நாளில் பாட்டைக் குறைப்பது நல்லது.

புதிய பேட்டரியைப் பெட்டியில் வைத்து ஆடாமல் கட்ட வேண்டும். படகின் அடியில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பேட்டரிக்குள் கடல் நீர் புகுந்தால் நச்சு வாயு வரும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். அதனால் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. ஸ்டீரியோவுக்குப் போகும் வயர் தடிமனாக இருக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு டிரைவர் ஒரு ஸ்பீக்கரைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முள் திரும்பிவிட்டது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தார். முள் பழைய இடத்துக்கு வந்தது. வயர்லெஸ் பக்கத்திலும் ஸ்பீக்கர் வேண்டாம் என்று எலக்ட்ரீசியன் சொன்னார். பாட்டுச் சத்தத்தில் கூப்பிடும் குரல் கேட்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்:

ஒரு படகில் இரவு 8 மணி நேரம் எஞ்சின் நிற்கும். விளக்கும் வயர்லெஸ்ஸும் சேர்ந்து 2 ஆம்பியர் எடுக்கும். ஸ்டீரியோ 36 வாட், 4 மணி நேரம் பாடும். எத்தனை ஆம்பியர்-மணி செலவாகும்? குறைந்தது எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

(விடை: 28 ஆம்பியர்-மணி செலவாகும். 56 ஆம்பியர்-மணிக்குக் குறையாத பேட்டரி வேண்டும்.)