சூளை விறகும் வீட்டுச் சுவரும்

செங்கல் ஒன்றைக் கையிலெடுப்போர் அதன்கண் மண்ணையே காண்பர். அதனைச் சுட்ட விறகைக் கருதுவார் சிலரே. பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த நல்லூரார்க்குச் சூளையின் பசி புதிதன்று. ஆதலின், எரிபொருட் சிக்கனத்தை வீடு கட்டும் தொழிலிற் புகுத்தி வளர்ந்த கழகம் ஒன்றனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அது காஸ்ட்போர்டு என்னும் பெயரினது; 1985-ஆம் ஆண்டில் திரிச்சூரிற் றோன்றியது. கேரள முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளியலறிஞர் கே. என். ராஜ், சந்திரதத்து, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஆகியோர் அதனை நிறுவினர். பேக்கர் 1917-இற் பர்மிங்காமிற் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர் பணிக்கென இந்தியா போந்தவர். இமயச் சாரலிற் பல்லாண்டு வாழ்ந்த காலத்தில், மலைமக்கள் அருகிற் கிடைக்கும் கல்லும் மண்ணும் கொண்டே கட்டும் திறத்தை அவர்பாற் கற்றார்.

அவர் பரப்பிய முறைகளுள் எலிப்பொறிக் கட்டு ஒன்றனை மட்டும் நோக்குவோம். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவர். இம்முறையிலோ விளிம்பின்மேல் நிறுத்துவர். ஒன்பது அங்குலச் சுவரில் இருபுறமும் மும்மூன்று அங்குலம் கல் நிற்க, நடுவே மூன்றங்குலம் வெற்றிடமாகும். செங்கல்லில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு மிஞ்சும், சாந்தும் குறையும். மிஞ்சிய கல்லுக்குச் சூளையில் விறகு வேண்டா. அன்றியும், இடையே அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையை விரைந்து உள்ளே விடாது. சுடுங்காலும் வாழுங்காலும் ஆக இருமுறை சிக்கனம்! காற்றை விலைகொடுத்து வாங்குவாருமிலர்.

ஆயினும், கற்கள் அளவொத்திராவிடிற் சுவர் நேர்நில்லாது. கை பழகாத கொத்தர் கட்டின் சாந்து உள்வீழ்ந்து இடைவெளியைத் தூர்த்துவிடும். இதனாலேயே கொத்தரைப் பயிற்றுவதைக் காஸ்ட்போர்டு தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2001-இல் ஐதராபாத்திற் றோன்றிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் கட்டடங்கட்கு மதிப்பெண் இட்டுத் தரம் வகுக்கின்றது. அதுவும் வேண்டுவதே, எனினும் சிற்றூரில் வீடு கட்டுவானுக்கு மதிப்பெண்ணினும் பழகிய கை பெரிதன்றோ? காஸ்ட்போர்டின் பணி கேரள மாவட்டங்கள் பலவற்றிற் பரவியது. திருவனந்தபுரத்துக் கரிமடத்தில் எளியோர்க்கு அடுக்குவீடுகளும் எழுப்பிற்று.

பூச்சில்லாச் சுவர் வறுமைக்கு அடையாளம் என்பார் நம்மிடை உளர். அன்னார் விரும்பிற் பூசிக்கொள்க; இடைநின்ற காற்று அதனால் ஓடிவிடாது.