வேலை விளம்பரத்திலிருந்து வகுப்பறைக்கு: அமெரிக்க கம்யூனிட்டி காலேஜில் சேர ஒரு வழிகாட்டி

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் "கம்யூனிட்டி காலேஜா?" என்று கேட்கும்போதே குரல் சற்று இறங்கிவிடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், கிளினிக்கில் பல் சுத்தம் செய்பவர், விமான எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக் என்று பலர் அங்கே படித்து வந்தவர்கள்தாம்.

1901-ல் இல்லினாய் மாநிலம் ஜோலியட்டில் இத்தகைய அரசுக் கல்லூரி தொடங்கியபோது, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தை உள்ளூரிலேயே தருவதுதான் நோக்கம். வேலைக்கான படிப்புகள் பின்னால் வந்து சேர்ந்தன. இன்று இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால், எதில் சேர்கிறோம் என்று தெரியாமலே பலர் சேர்ந்துவிடுகிறார்கள். அதைத் தவிர்க்க, வேலையில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

1. முதலில் வேலை விளம்பரங்களைப் படியுங்கள்

உங்கள் ஊரில் வந்திருக்கும் பத்து விளம்பரங்களை எடுத்து, தகுதிப் பகுதியில் திரும்பத் திரும்ப வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட் வேலை என்றால் பெரும்பாலும் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற அமைப்பின் தேர்வில் தேறிப் பெறும் பதிவைக் கேட்பார்கள். அந்தத் தேர்வை எழுத, 2015 முதல் அசோசியேட் டிகிரியாவது வேண்டும்; அந்த அமைப்பு ஏற்கும் ரேடியோகிராபி பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு இடங்கள் குறைவு. விண்ணப்பிக்கும் முன்பே அனாட்டமி, பிசியாலஜி, கணக்கு போன்ற பாடங்களை முடிக்கச் சொல்வார்கள். இரண்டு வருடப் படிப்பு என்று போட்டிருப்பது மூன்று வருடம் ஆவது இப்படித்தான்.

2. சர்டிபிகேட்டா, டிகிரியா?

வெல்டிங், ஏ.சி. மெக்கானிக், ரத்தம் எடுக்கும் ஃபிளபாட்டமி போன்றவற்றுக்குச் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் முடியும் சர்டிபிகேட் போதும். அசோசியேட் டிகிரிக்குப் பொதுவாக 60 கிரெடிட். பல மாநிலங்களில் அதன் வகைகளான ஏ.ஏ., ஏ.எஸ். இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கானவை, ஏ.ஏ.எஸ். நேராக வேலைக்கானது. ஏ.ஏ.எஸ். முடித்துவிட்டுப் பின்னால் பி.எஸ். சேரப் போனால் பல கிரெடிட்டுகள் செல்லாமல் போகலாம். அந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள்.

3. அங்கீகாரத்தை இரண்டு இடத்தில் பாருங்கள்

கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கும் இருக்க வேண்டும். பல் சுகாதாரப் படிப்புக்கு கோடா என்ற அமைப்பின் அங்கீகாரம், நர்சிங்குக்கு மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல். நர்சிங் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வில் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்ற விவரத்தைப் பல மாநில போர்டுகள் வெளியிடுகின்றன. கல்லூரி விளம்பரத்தைவிட அதை நம்பலாம்.

4. விசாவையும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

எச்-4 விசாவில் பகுதி நேரமாகவும் படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி வேண்டும். அது வர நாளாகும் என்றால், குறுகிய சர்டிபிகேட்டை அவசரமாக முடித்துக் கையில் வைத்திருப்பதைவிட, மெல்ல கிரெடிட் சேர்த்து டிகிரியை நோக்கிப் போவது நல்லது. சில லைசென்ஸ்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பதுண்டு. சேரும் முன் விசாரியுங்கள். எஃப்-1 மாணவர்கள் செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். படிப்பை ஒட்டி வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதிக்கு, அசோசியேட் டிகிரியை வைத்து ஸ்டெம் நீட்டிப்பு கேட்க முடியாது.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைப் போடுங்கள். அதன் வழியே கிடைக்கக்கூடிய பெல் கிராண்ட் உதவித்தொகைக்கு 2025-26-ல் உச்சவரம்பு 7,395 டாலர். திருப்பித் தர வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் அந்த மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர், அதாவது 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் கட்டணம் பல மடங்கு. குடிபெயர்ந்து ஓராண்டு நிறைந்த பின் சேர்ந்தாலே பெருந்தொகை மிச்சமாகலாம்.

5. ஊரில் படித்ததை வீணாக்காதீர்கள்

நாசெஸ் கூட்டமைப்பில் உறுப்பினரான மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் இந்திய மார்க் ஷீட்டுகளைக் கொடுத்தால், பொதுப் பாடங்கள் சிலவற்றிலிருந்து விலக்கு கிடைக்கக்கூடும். அறிவியல் பாடங்களை மட்டும் கடைசி ஐந்து, ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று கெடு வைத்திருப்பார்கள்.

சென்னையில் மெடிக்கல் கோடிங் செய்து சி.பி.சி. சான்றிதழ் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதைத் தருவது அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.பி.சி.; அது இங்கும் செல்லும். அதே தேர்வுக்குத் தயார்செய்யும் சர்டிபிகேட்டுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம். உறுப்பினர் சந்தாவைப் பாக்கியில்லாமல் வைத்திருங்கள்.

6. அட்வைசரிடம் இவற்றைக் கேளுங்கள்

- எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள், எத்தனை பேருக்கு இடம்? தேர்ந்தெடுப்பது மதிப்பெண்ணை வைத்தா, காத்திருப்போர் வரிசையை வைத்தா?
- கிளினிக்கல் பயிற்சி எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில்? குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவருக்கு முக்கியமான கேள்வி இது.
- சீருடை, கருவிகள், தடுப்பூசி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
- இப்போது எடுக்கும் சர்டிபிகேட் பின்னால் டிகிரியில் சேருமா?

7. ஒரே ஒரு பாடத்தில் தொடங்குங்கள்

எந்தப் படிப்பு என்று இன்னும் முடிவாகவில்லையா? மருத்துவத் துறைப் பக்கம் மனம் சாய்ந்தால், எஃப்-1 விசாவில் இல்லாதவர்கள் முதல் செமஸ்டரில் அனாட்டமி மட்டும் எடுங்கள். நர்சிங், ரேடியோகிராபி, பல் சுகாதாரம் மூன்றுக்கும் அது பொதுவாகத் தேவைப்படும் பாடம். நடுவில் மனம் மாறினாலும் கைவிட்டுப் போகாது. பதிவு செய்த அன்றே, முழுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஒத்துவராது என்று தோன்றினால் அந்தத் தேதிக்குள் பெயரை எடுத்துவிடலாம். பணமும் போகாது, மார்க் பட்டியலிலும் கறை படியாது.