பிள்ளைகளும் வானும் வாவிக்கரையும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெளிநாடுகளில் வண்டியிலேயே படுத்துச் சமைத்துப் பயணம் போவதற்கென்றே கட்டிய வண்டிகள் உண்டு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்களுடையது நடு சீற்றுகளைக் கழற்றிப் பலகை அடித்த ஒரு பழைய டொல்பின் வான். பலகைக்கு மேலே பாய். கீழே அரிசி வாளி, அடுப்பு, நுளம்பு வலை. மட்டக்களப்புக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போகிற குடும்பங்கள் வழியில் மர நிழல் கண்ட இடத்தில் கல் வைத்துச் சமைத்து, பிள்ளைகளை சீற்றிலேயே வளர்த்திக்கொண்டு போய்வந்தவைதானே.

ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளோடு மூன்று ஓகஸ்ட் விடுமுறைகளில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றியிருக்கிறோம். வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரையால் போய் மேற்கே படுவான்கரையால் திரும்பி ஒரே நாளில் ஓடி முடித்துவிடலாம். ஓடுவது சின்ன வேலை. இரவுக்கு எங்கே நிறுத்துகிறோம், எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துகிறோம் என்பதில்தான் பிள்ளைகளின் நித்திரை இருக்கிறது.

செய்ய வேண்டியவை

சித்திரையிலோ ஓகஸ்டிலோ போங்கள். மார்கழி விடுமுறை ஆசை காட்டும், ஏமாறாதீர்கள். அது வாடைக்காற்றும் மழையும் பிடித்த காலம். படுவான்கரையில் வயல் எது, றோட்டு எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட வீட்டுப் பெரியவர்கள் கார்த்திகை, மார்கழியில் வானில் படுக்கப் போகிறோம் என்றால் விடமாட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

காற்றைக் கேட்டு நிறுத்துங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறும் சூடும் புழுதியுமாக எங்கள் பக்கம் இறங்கும். முதல் வருடம் “கச்சான் வருது, கதவைச் சாத்து” என்று நான் சொல்ல, சின்னவன் கதவை இன்னும் அகலத் திறந்துகொண்டு கச்சான் கடலை விற்கிறவரைத் தேடினான். வானின் மூக்கு தெற்கே பார்த்தால் இடப்பக்கக் கதவு கிழக்கே வரும். சோற்றில் மண் விழாது.

மூக்கு வெளியே போகிற வழியைப் பார்க்கட்டும். பின்னுக்கு எடுத்து நிறுத்துங்கள், திறப்பு எங்கே தொங்குகிறது என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். மேலே சொன்ன காற்று விதியும் இதுவும் ஒத்துவராவிட்டால் இதுதான் முந்தி. ஆனை வந்தாலும் இதுதான் உதவும், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும் இதுதான் உதவும். வெளியே போகிற வழி குறைந்த இடத்தில் படுக்கவும் வேண்டாம். கல்லடி, நாவலடிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவில் ஒரு மண் திட்டு. 2004 சுனாமியில் சாய்ந்த கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காட்டிவிட்டு இரவுக்கு உள்பக்கம் வந்துவிடுங்கள்.

கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கோயில் வளவு என்றால் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரைக் கேட்க வேண்டும், கரை என்றால் மீன் வாடியில் இருப்பவர்களை. பிள்ளைகள் கீழே இறங்கி நின்றால் பாதி அனுமதி கிடைத்த மாதிரி. கொக்கட்டிச்சோலை, மண்டூர் போன்ற பெரிய கோயில்களில் திருவிழா நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், அல்லது திருவிழாவுக்கென்றே போங்கள். மாமாங்கத்துக்கு ஆடி அமாவாசையில் வான் கொண்டு போனால் நீங்கள் விரும்பிய இடத்தில் அல்ல, வான் சிக்கிய இடத்தில்தான் படுக்க நேரும். அடையாள அட்டைகள் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும். இரவில் பொலிஸ் வந்து ஜன்னலில் தட்டினால் பலகைக்குக் கீழே தேடிக்கொண்டிருக்க முடியாது.

மணலுக்கு ஆயத்தமாகப் போங்கள். பாலமீன்மடுவில், 1913ஆம் ஆண்டு வெளிச்சவீட்டைக் கிட்டப் பார்க்கிற ஆசையில், றோட்டிலிருந்து பத்து முழம் தள்ளி இறக்கினேன். பின் ரயர் இரண்டும் குழி தோண்டின. அமத்த அமத்த மணல் பறந்து அரிசி வாளிக்குள் விழுந்தது. றப்பர் கருகின மணம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிதானமாக வந்து குனிந்து பார்த்தார். “அமத்தாத புள்ள. ஒள்ளுப்பம் காத்த இறக்கு, மறுகா தள்ளுவம்.” ரயரில் பாதிக் காற்றை இறக்கி, முன்னால் தென்னோலையைப் பரப்பி, ஐந்து பேர் தள்ள வான் ஏறிவிட்டது. அன்றிலிருந்து காற்றடிக்கிற கால் பம்பும் ஒரு மண்வெட்டியும் இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை.

பாடுமீன் கேட்க ஒரு இரவை ஒதுக்குங்கள். சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், நிலவு நாளில், கல்லடிப் பழைய பாலத்தடி. 1924இல் கட்டிய இரும்புப் பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதியது வந்த பிறகு பழையதில் முன்போல வாகன இரைச்சல் இல்லை. தோணிக்காரரோடு போங்கள், பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். நடு வாவியில் தோணியை ஓய விட்டு, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி மறு நுனியைக் காதில் வைக்க வேண்டும். அருட்தந்தை லாங் என்ற இயேசு சபைக் குரு இந்த ஒலியைப் பதிவு செய்தார். மகள் வெகுநேரம் காதை எடுக்கவில்லை. “ஃபிரிஜ் ஓடுற மாதிரி கேக்குது அம்மா” என்றாள். எனக்கும் அப்படித்தான் கேட்டது, ஆனால் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

குடிதண்ணீரைக் கொண்டு போங்கள். வாவியோரக் கிணறுகள் பல உவர். ஜீவனிப் பக்கற், பனடோல் பாணி, நுளம்பு வலை மூன்றும் பாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், ஆகையால் மத்தியான நித்திரைக்கும் வலை போடுங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990.

செய்யக்கூடாதவை

வாவியில் பிள்ளைகளை இறக்காதீர்கள். முழங்கால் தண்ணீர்தானே என்று கூட வேண்டாம். கண்ணா (கண்டல்) காட்டோரத்தில் முதலை கிடக்கும். மரக்குற்றி என்று நினைத்தது அசையும்போது ஓட நேரம் இருக்காது. தண்ணீரில் விளையாட வேண்டுமா, வானை எடுத்துக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போங்கள். வெகுதூரம் வரை இடுப்பளவுக் கடல், சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அலையும் குறைவு. அங்கேயும் ஒரு பெரியவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், போனோடு கரையில் அல்ல.

மீன் கழுவின தண்ணீரையும் செதிலையும் வான் நிற்கிற கரையில் ஊற்றாதீர்கள். முதலைக்கு அழைப்பு அனுப்புவது அதுதான்.

தில்லை மரத்தில் கிளை ஒடிக்க விடாதீர்கள். கண்ணாக் காடுகளில் கலந்து நிற்கும், ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. விறகென்று பொறுக்கி எரித்தால் புகையும் கண்ணை எரிக்கும். வாவியோரம் மரம் தெரியாத பெரியவர்கள் விறகு பொறுக்காமல் இருப்பது நல்லது.

தென்னைக்குக் கீழே வானை விடாதீர்கள். நிழல் நல்ல நிழல்தான். கச்சான் காற்றில் தேங்காயும் விழும், மட்டையும் விழும்.

ஆறு மணிக்குப் பிறகு படுவான்கரை உள் றோட்டுகளில் ஓடாதீர்கள். வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் ஆனை வயலுக்கு இறங்குகிற நேரம் அது. பலாப்பழம், வாழைக்குலை, அன்னாசியை வானுக்குள் வைத்துக்கொண்டு அங்கே படுக்கவே வேண்டாம். அந்த மணத்துக்குக் கதவு ஒரு தடை இல்லை. றோட்டோரம் நிற்கிற ஆனைக்குப் பழம் எறிந்து பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிற வண்டிகளை அது மறித்து நிற்கும்.

எஞ்சினை ஓட விட்டு, ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றிப் படுக்காதீர்கள். புகைக்குழாயில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, நித்திரையிலேயே கொல்லும். வலையைக் கட்டிக் கண்ணாடியை இறக்குங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும். காஸ் அடுப்பையும் வானுக்குள் பற்ற வைக்காதீர்கள். 2021 கடைசியில் நாடெங்கும் வீட்டு அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இரவில் சிலிண்டர் வாய் பூட்டி வெளியே இருக்கட்டும்.

காயப் போட்ட வலையை மிதிக்காதீர்கள், நண்டுக்கூட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள், இரவில் ஹெட்லைட்டை வாவிப் பக்கம் திருப்பாதீர்கள். அவர்கள் தொழில் செய்கிற நேரம் அது.

ஒரு நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் எழுதாதீர்கள். போன வருடம் நான் எழுதிய பட்டியலில் ஒல்லாந்தர் கோட்டை, மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று ஒரே நாளில் நாலு இருந்தன. குருமண்வெளியில் வானை நிறுத்தி, சும்மா ஒருக்கால் பாதையில் ஏறி மண்டூர்க் கரையைத் தொட்டு வருவோம் என்று இறங்கினோம். எங்கள் ஊரில் மிதவைப் படகுக்குப் பாதை என்றுதான் பெயர். 2014இல் பாலம் வரும்வரை மண்முனையிலும் பாதைதான் ஓடியது. சின்னவன் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஆட்களுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கரை வந்ததும் திரும்ப ஏற வேண்டும் என்றான். இக்கரை வந்ததும் இன்னொருக்கால். கோட்டையும் கோயிலும் அன்று நடக்கவில்லை. நாலாம் முறை ஏறும்போது பாதைக்காரர் அவனைப் பார்த்துக் கேட்டார்: “என்ன புள்ள, இன்னும் வீட்ட போகல்லயா?”