கொள்ளு தின்றும் இளைக்கும் குதிரை

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இருக்கிறது. கத்தியவார் கலப்பு. அப்பா அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. இப்போது 20 வயது இருக்கும். ஒரு வருடமாக இளைத்துக்கொண்டே வருகிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். காலையில் 2 கிலோ, மாலையில் 2 கிலோ கொள்ளு வேகவைத்து வைக்கிறோம். சதை பிடிக்கவில்லை, குணம்தான் கெட்டுவிட்டது. குழந்தை ஏறினாலும் அசையாமல் நின்ற குதிரை, இப்போது கடிவாளம் மாட்டப் போனாலே தலையை உதறுகிறது, ஆளை இடிக்கிறது. கொள்ளைக் குறைத்தால் இன்னும் இளைக்குமோ, கூட்டினால் இன்னும் திமிர் ஏறுமோ என்று குழப்பம். சுழி சரியில்லை, தள்ளிவிடுங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். ஏன் இப்படி ஆகிறது?

— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஏன் இளைக்கிறது, ஏன் முறைக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், அதன் வாய்க்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சுழியை முதலில் முடித்துவிடுவோம். அது குட்டி பிறக்கும்போதே தோலில் இருப்பது. இத்தனை வருடம் குழந்தைகளைச் சுமந்த குதிரைக்குப் போன வருடம் மட்டும் எப்படிச் சுழி வேலை செய்ய ஆரம்பித்தது என்று பெரியவரைப் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்வதும் நாம்தான், இளைத்த குதிரைக்குக் கொள்ளை அள்ளி வைப்பதும் நாம்தான். கொள்ளில் புரதம் நூற்றுக்கு 22 பங்கு அளவில் இருக்கிறது, மாவுச்சத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கொழுப்போ பெயருக்குத்தான். நாளெல்லாம் வண்டி இழுத்த குதிரைக்கு அது சரியான தீனி. நிழலில் நிற்கும் கிழக் குதிரைக்கு வேளைக்கு 2 கிலோ என்பது அதிகம்.

ஏன் அதிகம்? குதிரையின் இரைப்பை உடம்பைப் பார்க்கச் சின்னது. 500 கிலோ குதிரைக்கே 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. மாட்டைப்போல அசைபோடவும் அதற்கு வழியில்லை. புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்கும் வேலையைப் பின்னால் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. மாவுச்சத்தைச் சிறுகுடலே செரித்துவிட வேண்டும். ஒரே வேளையில் நிறைய வந்தால் மிச்சம் பின்னால் போய் விழுந்து, அங்கே அமிலம் ஊறி, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றுவலி வரலாம், லேமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தும் சதை நொந்து வீங்கும் நோயும் வரலாம். உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பதுதான் ஒரு வேளைக்குப் பத்திரமான அளவு. 300 கிலோ குதிரைக்கு நீங்கள் வைப்பது அதைப்போல் இருமடங்கு. மாவுச்சத்து மிகுந்த தீனி குதிரையைப் படபடக்க வைக்கும் என்பதும் உண்மை. ஆக, திமிர் என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு கொள்ளுச் சட்டியிலிருந்து வருகிறது.

மீதிப் பங்குக்கு வருகிறேன். நமக்கு முளைத்த பல் அப்படியே நிற்கும். குதிரையின் கடைவாய்ப் பல் அப்படியல்ல. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருந்து, வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலே வந்துகொண்டே இருக்கும். மேலே வருகிற அளவுக்குத் தின்னும் புல் அதைத் தேய்த்துவிடும். இருபதைத் தாண்டும்போது இந்த இருப்பு தீர ஆரம்பிக்கிறது. கொத்தாத ஆட்டுக்கல் மாதிரி, பல் வழவழப்பாகி அரைக்க முடியாமல் போகும். ஒரு பல் விழுந்துவிட்டால் எதிர்ப் பல் தேய ஆளில்லாமல் நீண்டு வளரும். போதாததற்கு, குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் தேயாமல் கத்தி முனையாகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். கிழிந்த கன்னத்தின் மேல் கடிவாளத்தின் வாரை வைத்து இழுத்தால் எந்தக் குதிரை தலையை உதறாது?

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். நாளைக் காலை லத்தியில் ஓர் உருண்டையை உடைத்துப் பாருங்கள். விரல் நகத்தைவிட நீளமான தட்டைத் துண்டோ முழுக் கொள்ளோ கிடந்தால், அரைபடாமல் அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். தீனித்தொட்டியைச் சுற்றி, பாதி மென்று சுருட்டித் துப்பிய புல் உருண்டைகள் கிடக்கின்றனவா என்றும் தேடுங்கள். தின்னும்போது தலையை ஒருபக்கம் சாய்க்கிறதா, எச்சில் நாறுகிறதா? இதில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் கருவி மாட்டி, கூர்முனைகளை அரத்தால் ராவிவிடுவார். உங்கள் பக்கத்தில் குதிரை பார்ப்பவர் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். லாடம் அடிப்பவரிடம் அரம் இருக்கிறதே என்று அவரை வாய்க்குள் விட்டுவிடாதீர்கள். கிழக் குதிரையிடம் மிச்சமிருக்கும் பல்லே கொஞ்சம். அதிகம் ராவினால் அதுவும் போய்விடும்.

மருத்துவர் வரும் அன்றே இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, லத்தியில் புழு முட்டைப் பரிசோதனை. மற்றது, பி.பி.ஐ.டி. எனப்படும் நோய். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி அளவுக்கு மீறிச் சுரப்பதால் வருவது. 15 வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் அபூர்வமே இல்லை. உதிர வேண்டிய ரோமம் உதிராமல் நீண்டு நிற்பதும், முதுகுச் சதை கரைந்து வயிறு மட்டும் தொங்குவதும் அதன் அடையாளங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மாத்திரை உண்டு. அந்த நோய் இருக்கும் குதிரைக்கு மாவுத் தீனி இன்னும் ஆபத்து.

இனி தீனி. அடிப்படை புல்தான். காய்ந்த கணக்கில் உடம்பு எடையில் நூற்றுக்கு 2 பங்கு வேண்டும். 300 கிலோவுக்கு 6 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அதுவே 30 கிலோ ஆகிறது. உங்கள் பக்கம் எல்லாரும் போடும் கம்பு-நேப்பியர் புல்லை மட்டும் நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். குதிரைமசாலைக் கலந்து போடுங்கள். சுண்ணாம்பும் புரதமும் அதில் தாராளம். வைக்கோல் வேண்டாம், பல்லில்லாத வாய்க்கு அது சுமை. எதைப் போட்டாலும் பொடியாக நறுக்கி, காய்ந்ததாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்துக் கூழ்ப் பதத்தில் வையுங்கள். குதிரைக்கு மெல்லும்போதுதான் எச்சில் சுரக்கும். மெல்லாமல் விழுங்கினால் தொண்டைக் குழாயில் அடைத்துக்கொள்ளும்.

எடை ஏற்றுவதற்கு எண்ணெய். ஆம், பழமொழி சொல்லும் எள்ளின் எண்ணெயே ஆகும். சூரியகாந்தி எண்ணெய் விலை குறைவு. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, எண்ணெய் செரிக்காது என்று சொல்வார்கள். பை இல்லை என்பது சரி. கல்லீரல் பித்தநீரை நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் நன்றாகவே செரிக்கிறது. இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி, மூன்று வாரத்தில் நாளுக்கு 150 மில்லி வரை கூட்டுங்கள். எண்ணெய் கொடுக்கும்போது வைட்டமின் ஈ-யும் சேர்க்க வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். கொள்ளை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் படிப்படியாக இறக்கி வேளைக்கு அரைக் கிலோவில் நிறுத்தி, வேகவைத்து மசித்து வையுங்கள். தவிட்டில் மட்டும் கவனம். அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. தவிடே கதி என்று வளர்ந்த குதிரைகளின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் வீங்கிப்போவது பழைய காலத்து மாவு மில் குதிரைகளிடம் பிரபலமான நோய்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. அதே லாயத்தில் இளங்குதிரை ஏதாவது உண்டா? கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால், நீங்கள் முதுகைத் திருப்பியதும் கிழவியை விரட்டிவிட்டு அதுதான் தின்னும். தனியாகக் கட்டி, சாவகாசமாகத் தின்ன விடுங்கள். கிழக் குதிரைக்கு ஒரு வேளைத் தீனி முடிய நேரம் பிடிக்கும்.

எடை ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் பார்ப்பவருக்குச் சுத்தமாகத் தெரியாது. தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 155, நீளம் 150 என்றால் 303 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஆள், அதே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். பல் வேலை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருத்துவரிடம் மறுபடி போங்கள். தீனியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

குணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உடம்பு தேறியதும் உங்கள் குதிரை கொஞ்சம் துள்ளும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். வலி போன குதிரை அப்படித்தான் இருக்கும். அதைத் திமிர் என்று மறுபடி எனக்கு எழுதாதீர்கள். தண்டுவடத்தின் இரண்டு பக்கமும் சதை நிரம்பும் வரை சேணம் போட வேண்டாம், எலும்பில் உரசிப் புண்ணாகும். கயிற்றைப் பிடித்து நடத்தினால் போதும். பல் ராவிய புண் ஆறும் வரை கடிவாளமும் வேண்டாம்.